ஆன்லைன் வகுப்பில் உங்களை இன்னும் விடாத ஒரு நிமிடம்

வேதியியல் ஆசிரியர், தேனிப் பக்கம்

2020 அக்டோபர். பிளஸ் டூவுக்குப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது ஊதாக் கரைசலைச் சொட்டாக விட்டு, நிறம் நிற்கும் முடிவுநிலைவரை எவ்வளவு செலவாகிறது என்று அளக்கும் சோதனை. ஆய்வகத்தில் நான் மட்டும். நாலு புத்தகத்தை அடுக்கிப் போனைச் சாய்த்து வைத்து, கூம்புக் குடுவைக்கு அடியில் வெள்ளை டைல் போட்டு, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். முடிவுநிலையில் வரும் அந்த வெளிர் இளஞ்சிவப்பு நம் எல்லாருக்கும் தெரியும், தண்ணீரில் ரோஜா இதழைக் கசக்கின மாதிரி. என் கண்ணுக்கு வந்துவிட்டது. "17.4, எழுதிக்கோங்க" என்றேன். ஒரு பெண் மைக்கை ஆன் செய்து, "சார், எங்களுக்குத் தண்ணியாத்தான் தெரியுது. எதைப் பார்த்து எழுத?" என்றாள். அவள் பின்னால் ஆடு கத்துகிறது. "நான் பார்த்துட்டேன்மா, நீ எழுது" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அன்றைக்கு முழுக்க அவள் மைக் திறக்கவே இல்லை.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை

எனக்கு நடந்தது பள்ளி திறந்த பிறகு. கடல் ஆமைகளைப் பற்றி ஆராயும் ஒருவரை ஜூமில் வகுப்புக்கு அழைத்திருந்தோம், ஒரே மடிக்கணினி, கேள்வி கேட்பவர் எழுந்து அதன் பக்கத்தில் போய்த்தான் பேசணும். ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று வந்து "ஆமைக்குஞ்சு அம்மாவைத் தேடாதா?" என்றது. அந்தப் பக்கம் இரண்டு மூன்று விநாடி அமைதி, இணைப்பு மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். பதில் வராது என்று நினைத்துப் பிள்ளை தலையைக் குனிந்து பெஞ்சுக்குத் திரும்பிவிட்டது. அது உட்காரும்போதுதான் அவர் குரல் வருகிறது: முட்டையிட்டதுமே தாய் கடலுக்குப் போய்விடும், குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை என்று. அடுத்து நின்றவர்களின் சலசலப்பில் அது பாதி அமுங்கிப்போனது. பிறகு நான் எடுத்துச் சொன்னேன். "அவர் எங்கிட்ட சொல்லலையே மிஸ்" என்றாள்.

வாய்ப்பாட்டு ஆசிரியை, மதுரை

முதலில் எழுதியவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை, அது கேமராவின் வேலை. வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களை, போன் தானாகச் சரிசெய்யும்போது மெல்லிய நிறம் போய்விடும். அதோடு வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்துக்கு இருக்கும் நுணுக்கம் நிறத்துக்கு இருக்காது. பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குடுவை ஒன்றை வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் கேமரா செயலியில் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை லாக் செய்து முன்பே படம் பிடித்து அதைப் போட்டுக் காட்டலாம். ஆமை மிஸ்ஸுக்கும் ஒன்று: கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை நகரக் கூடாது என்று பிள்ளைகளைப் பழக்குங்கள், பதில் சொல்பவர் குழந்தையின் பெயரைச் சொல்லித் தொடங்கட்டும். நான் பட்டதில் கற்றது இது. என் பக்கம் சுருதிப்பெட்டி ஓடுகிறது, தொடர்ந்து ஒரே மாதிரி வரும் ஒலி என்பதால் செயலி அதை இரைச்சல் என்று வெட்டிவிட்டது, பையன் சுருதியே கேட்காமல் இருபது நிமிடம் பாடியிருக்கிறான், நான் வேறு "சுருதி விலகுது" என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' ஆன் செய்தால் அந்த வெட்டு இருக்காது. சேர்ந்து பாடுவதை மட்டும் முயலாதீர்கள், தாமதத்தில் தாளம் நிற்காது.

வேதியியல் ஆசிரியர், தேனிப் பக்கம்

லாக் செய்வது சரி, தண்ணீர்க் குடுவையும் நல்ல யோசனை. ஆனால் நான் வருத்தப்பட்டது கேமராவுக்காக இல்லை அம்மா. அவள் சொன்னதுதான் சரியான அறிவியல், கண்ணில் படாததை எப்படி எழுதுவது என்று கேட்டாள், நான் வாயை அடைத்தேன்.

2021 ஜனவரி 19-இல் பள்ளி திறந்தது. ஆய்வகத்தில் முதலில் அவள் கையில்தான் பியூரெட்டை, சொட்டு விடும் அந்த அளவுக் குழாயை, கொடுத்தேன். குழாயை அதிகமாகத் திறந்துவிட்டாள், குடுவை முழுக்க ஊதா. "இன்னொரு தடவை சார்." அடுத்த தடவை ஒரு சொட்டில் நிறுத்தி, குடுவையைச் சுழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நோட்டைத் திறந்தாள். அக்டோபர் பக்கத்தில் அட்டவணை வரைந்து, ரீடிங் கட்டத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தாள்.