புதுப்பிப்பு: பலாக் கிண்ணத்தில் உரிந்த பூச்சு

ஹட்டனில் நான் கடைந்த பலாக் கிண்ணத்தின் பொலியூரித்தேன் (பிளாஸ்டிக் வகை வார்னிஷ்) பூச்சு உரிவதாகச் சென்ற மாதம் எழுதி, பழியை மலைநாட்டுக் குளிரின் மீது போட்டிருந்தேன். அது தவறு. இயற்கையாக உள்ள மெழுகை நீக்காத அரக்கை (ஷெல்லாக் எனும் பிசினை) அடிப்பூச்சாக இட்டதே காரணம். அந்த மெழுகின்மேல் பொலியூரித்தேன் சரியாகப் பற்றாது. நகத்தால் கீறியபோது மேற்பூச்சு வெங்காயத் தோல்போல் எழும்ப, அடியிலிருந்த அரக்கு பளபளப்புக் குறையாமல் அப்படியே இருந்தது. முழுவதையும் சுரண்டி, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் 320 இலக்க அரத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டே மறுபடி பொலியூரித்தேன் இட்டேன், இம்முறை பிடித்துக்கொண்டது.

ஆளிவிதை எண்ணெய் பூசிய மற்றக் கிண்ணத்தைப் பொறுத்தவரை குளிர் உண்மையிலேயே குற்றவாளிதான்: காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகும் அந்த எண்ணெய், குளிரில் மெதுவாகவே இறுகுவதால் மூன்று வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது. அது இறுகும்வரை மேலே எதையும் பூசப்போவதில்லை, மெழுகு கடைசியில்தான்.