புதுப்பிப்பு: ரிப்போர்ட்டிங் சர்வர் புது கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது

எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸை (டேட்டாபேஸ் தகவல்களிலிருந்து ரிப்போர்ட்டுகள் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) டேட்டாபேஸோடு புது கம்ப்யூட்டருக்கு எப்படி மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ரிப்போர்ட்சர்வர், ரிப்போர்ட்சர்வர்டெம்ப்டிபி என்ற அதன் இரண்டு டேட்டாபேஸ்களையும் பேக்கப் எடுத்து, பெயர் மாற்றாமல் ரீஸ்டோர் செய்தோம். அது எளிது. உயிர்நாடி என்க்ரிப்ஷன் கீதான். டேட்டா சோர்ஸ்களில் (ரிப்போர்ட்டுக்குத் தகவல் தரும் இணைப்புகளில்) சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அதை வைத்தே பூட்டப்பட்டிருக்கின்றன. பழைய மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் கீயை பேக்கப் எடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டுகள் வந்து சேரும். ஆனால் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி போடவேண்டும்.

கீயை ரீஸ்டோர் செய்த பிறகும் தளம் திறக்கவில்லை. ஸ்கேல் அவுட் (பல ரிப்போர்ட் சர்வர்கள் ஒரே டேட்டாபேஸைப் பகிர்வது) இந்த எடிஷனில் கிடையாது என்று பிழை. ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸின் கீஸ் டேபிளில் பழைய கம்ப்யூட்டரின் பெயர் அப்படியே இருந்ததுதான் காரணம்; ஸ்டாண்டர்டு எடிஷனில் ஒரு சர்வருக்குத்தான் இடம். அந்த வரியை நீக்கியதும் உடனே திறந்தது. இந்தத் தகவலைத் தந்த நண்பருக்குத் தனி நன்றி!

சப்ஸ்கிரிப்ஷன் ஜாப்கள் (ரிப்போர்ட்டுகளை நேரம் குறித்துத் தானாக அனுப்ப வைப்பவை) எம்எஸ்டிபி என்ற எஸ்கியூஎல் சர்வரின் சிஸ்டம் டேட்டாபேஸில் இருப்பவை, அதனால் நாங்கள் எடுத்த பேக்கப்போடு வராது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் தானாக உருவாகிவிட்டன. மெயில் அமைப்புகளை மட்டும் கையால் போட்டோம். பழைய மெஷினில் சர்வீஸை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ரிப்போர்ட் இரண்டு முறை மெயிலில் போகும்.