மாசி வீதியில் கார் நிற்கணுமா, ஆள் நடக்கணுமா?

வடக்குமாசிக்காரன்:
மதுரையில் மீனாட்சி கோயிலை ஒட்டிச் சுற்றியிருக்கிற சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடாமல் நிறுத்தி வருஷக்கணக்கில் ஆகிறது. அங்கே குழந்தையைக் கையை விட்டுவிட்டு நடக்கலாம். இரண்டு சதுரம் தள்ளி மாசி வீதிக்கு வந்தால் நிலைமை வேறு. ஓரத்தில் வரிசையாக வண்டிகள், அதற்கு அப்பால் ஆட்டோ, நடுவில் நாம். ஆவணி மூல வீதிகளிலும் மாசி வீதிகளிலும் ஒரு பக்கத்து பார்க்கிங்கை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த இடத்தை நடைபாதைக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வடக்கு ஆவணி மூல வீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம்தான் கட்டியாகிவிட்டதே. எதிர்க்கிறவர்கள் காரணத்தோடு எதிர்க்கவும்.

கீழமாசி மொத்தக்கடை:
தம்பி, சித்திரை வீதிக்குச் சாமி கும்பிட வருகிறார்கள், கையில் பூக்கூடைதான் இருக்கும். கீழமாசிக்கு வருகிறவர் சுற்றுவட்டாரக் கிராமத்தில் கடை வைத்திருப்பவர். பருப்பு, மிளகாய், புளி என்று மூட்டையாக எடுப்பார். குட்டியானை லோடு வண்டி கடை வாசலில் நின்றால்தான் வியாபாரம். அதைத் தள்ளி நிறுத்தச் சொன்னால் அடுத்த மாதம் அவர் புறநகரில் வேறு கடை பார்த்துக்கொள்வார். நடக்க இடம் இருக்கும், நடந்து வர ஆள் இருக்காது.

வடக்குமாசிக்காரன்:
அண்ணே, நான் சொன்னது பார்க்கிங்கை. சரக்கு இறக்குவதை யார் தடுத்தார்கள்? நாள் முழுக்க வாசலில் நிற்பது குட்டியானையா, உங்கள் தெரு முதலாளிகளின் சொந்தக் காரா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

டூவீலர் பார்ட்டி:
இரண்டு பேருமே காரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மாசி வீதியில் இடத்தை அடைத்து நிற்பதில் பெரும்பகுதி எங்களை மாதிரி ஆட்களின் பைக்தான். எங்கள் ஏரியாவிலிருந்து டவுனுக்குள் வர நேர் பஸ் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் நடந்து, சாமான் வாங்கி, திரும்ப நடக்க வேண்டும். பஸ்ஸை ஒழுங்காக விட்டுவிட்டு அப்புறம் பைக்கைப் பிடுங்குங்கள்.

தானப்பமுதலி தெருப் பெண்:
நடக்க முடிந்தவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவள் நான். நடைபாதை இருக்கிற இடத்திலும் எனக்கு அது பயன்படுவதில்லை. ஏறும் இடத்தில் சரிவு கிடையாது. யாரையாவது கூப்பிட்டுத் தூக்கி ஏற்றினால் பத்தடியில் ஒரு கடைப்படி, அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர். திரும்பவும் தூக்கி இறக்க வேண்டும். கடைசியில் ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு போகிறேன், பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது.

சிவில்காரன்:
மேடம் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் பாதசாரிகளுக்காக 2012-ல் வெளியிட்ட வழிகாட்டியில், எந்தத் தடையும் இல்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர், நடைபாதை விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. நம் ஊரில் உயரம் ஏன் இப்படி ஆனது? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. மழைத் தண்ணீர் கடைக்குள் வருகிறது. கடைக்காரர் தரையை உயர்த்துகிறார், உயர்ந்த தரைக்கு வெளியே படி கட்டுகிறார், அந்தப் படி நடைபாதையில் உட்கார்ந்துவிடுகிறது. சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்னால் ஏறின உயரம் ஏறினதுதான். படியை மட்டும் இடித்துப் பயனில்லை, ரோட்டை இறக்க வேண்டும்.

கீழமாசி மொத்தக்கடை:
இதைத்தான் நானும் சொல்கிறேன் சார். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் மட்டும் எங்களுக்கு வருகிறது. ரோட்டை ஏற்றினவருக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

பழைய மதுரை:
ஆயிரம் சொன்னாலும் இது கோயிலைச் சுற்றிச் சதுரமாகப் போட்ட ஊர். காருக்கும் பஸ்ஸுக்கும் போட்டதில்லை. உள்ள அகலம் அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

வடக்குமாசிக்காரன்:
ஐயா, ஊர் மாறவே மாறாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததால்தான் வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் கிடைத்தன. கீழமாசி அண்ணன் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற விளக்குத்தூணே அவர் நினைவாக வைத்ததுதான். மாசி வீதி அகலமும் அப்படியொன்றும் மோசமில்லை. சித்திரைத் திருவிழாவில் இரண்டு பெரிய தேர் சுற்றுகிற தெரு அது. தேர் போகிற தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லையென்றால் குறை அகலத்திலா?

வெளிநாட்டுத் தமிழன்:
ஸ்பெயினில் போன்டேவேத்ரா என்று ஒரு பழைய நகரம். 1999-ல் வந்த மேயர் ஊர் மையத்திலிருந்து காரை வெளியேற்றினார். ஊருக்கு வெளியே இலவச பார்க்கிங் கொடுத்தார். மையத்தில் இருந்த சின்னக் கடைகள் தாக்குப்பிடித்தன.

டூவீலர் பார்ட்டி:
அந்த ஊர் ஜனத்தொகை என்ன சார்? ஒரு லட்சம்கூட இல்லை. மதுரை மாநகராட்சி 2011 கணக்கிலேயே பத்து லட்சம். நம் வெயிலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மதுரை:
முதலில் தரைக்கடையை எடுங்கள். பாதி நடைபாதை தானாக வரும்.

தானப்பமுதலி தெருப் பெண்:
பூ விற்கிற பாட்டி கூடையை நகர்த்தி எனக்கு வழிவிடுவார். நிறுத்திவைத்த கார் விடாது. அதோடு, தெரு வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே இருக்கிறது. விற்பனைக் குழு கூடி இடம் ஒதுக்க வேண்டும், நினைத்தபோது தூக்கி எறிய முடியாது. தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அதையும் படியுங்கள்.

சிவில்காரன்:
ஒரு யோசனை. சரக்கு வண்டிக்கு இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை நேரம் கொடுக்கலாம். பகலில் ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடத்தில் மட்டும் ஏற்றி இறக்கும் இடம், கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கியபோதும் ரோட்டை மூடவில்லை, வண்டிக்கான இடத்தைத்தான் குறைத்தார்கள்.

கீழமாசி மொத்தக்கடை:
பாண்டி பஜாரில் துணி, நகை. மிளகாய் மூட்டை இல்லை. ராத்திரி லோடு இறக்கினால் லோடுமேனுக்கு ராத்திரிக் கூலி. அதைக் கிராமத்துக் கடைக்காரர் கொடுப்பாரா, மாநகராட்சி கொடுக்குமா?

வடக்குமாசிக்காரன்:
அண்ணே, கடைத்தெரு இடத்தில் கார் இலவசமாக நிற்கிறதே, அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வசூலித்து அதிலிருந்து கொடுக்கலாம்.

கீழமாசி மொத்தக்கடை:
மாநகராட்சி வசூலித்து லோடுமேன் கையில் கொடுக்கும்! சரி தம்பி, முதலில் உங்கள் வடக்குமாசியில் ஆரம்பியுங்கள். ஒரு வருஷம் ஓடட்டும், பார்த்துவிட்டு எங்கள் சங்கத்தில் பேசுகிறேன்.

டூவீலர் பார்ட்டி:
வடக்குமாசியில் பார்க்கிங் எடுத்தால் அந்த வண்டியெல்லாம் மேலமாசிக்குத்தான் வரும். மேலமாசிக்காரர் யாராவது இந்த இழையில் இருக்கிறீர்களா?