தம்பிக்காக என் இரட்சிப்பை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஜெபித்தது பாவமா?

ரூத், கோயம்புத்தூர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டில் விசுவாசத்துக்கு வந்தது அம்மாவும் நானும்தான். அம்மா இப்போது இல்லை. தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். குடிப்பழக்கம் உண்டு. சம்பளம் வாங்கிய இரவே பாதி கரைந்துவிடும். இயேசு என்று நான் வாயெடுத்தாலே போனை வைத்துவிடுவான்.

எங்கள் உபவாச ஜெபத்தில் ஜெபக்குறிப்புகளைச் சீட்டில் எழுதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்போம். தம்பி பெயர் எழுதிய சீட்டு பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பிலேயே கிழிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை அதைக் கையில் எடுத்ததும் என்னையறியாமல் சத்தமாக, "ஆண்டவரே, ஒருவருக்குத்தான் இடம் என்றால் என் பேரைக் கிறுக்கிவிட்டு அவன் பேரை எழுதும்" என்று ஜெபித்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் மூத்த சகோதரி ஒருவர் தனியே அழைத்து, "உன் இரட்சிப்பை நீயே தூக்கி எறிந்துவிட்டாய், உடனே அறிக்கையிட்டு விடு" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

தன் இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகலாமே என்று பவுல் ரோமர் 9:3-இல் கேட்டதும் இதைத்தானே? ஒரு கிறிஸ்தவர் அப்படி விட்டுக்கொடுக்கலாமா? கொடுத்தால் அது நடந்துவிடுமா?

ஆபிரகாம், நாகர்கோவில்

சகோதரி, உணர்ச்சி வேறு, வசனம் வேறு. ஒருவன் தன் சகோதரனை மீட்க முடியாது, அதற்கான மீட்கும்பொருள் அவனிடம் இல்லை என்று சங்கீதம் 49:7 தெளிவாகச் சொல்கிறது. எசேக்கியேல் 14-ஐயும் வாசியுங்கள். நோவா, தானியேல், யோபு மூவரும் ஒரு தேசத்தில் இருந்தாலும் தங்கள் ஆத்துமாக்களை மட்டுமே தப்புவிப்பார்கள், குமாரனையோ குமாரத்தியையோ தப்புவிக்க மாட்டார்கள் என்கிறார் கர்த்தர். சிலுவையில் ஒருவர் சாபமாகி முடித்துவிட்ட வேலையை நாம் மறுபடியும் செய்ய முயல்வது அவருடைய பலி போதாது என்று சொல்வதாகும். அந்த மூத்த சகோதரி சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம். ஆனால் எச்சரித்தது சரிதான்.

ஓய்வுபெற்ற உபதேசியார், திருநெல்வேலி

ஆபிரகாம் தம்பி எடுத்துக்காட்டிய வசனங்களில் பிழையில்லை. ஆனால் தூங்காமல் இருக்கிற பெண்ணிடம் அந்த வசனங்களை மட்டும் நீட்டினால் எப்படி?

மகளே, முதலில் பயத்தை விடு. இரட்சிப்பு உன் பேரில் இருக்கிற நிலமல்ல, நீ வாய்விட்டுச் சொன்னதும் பட்டா மாறிப்போவதற்கு. கொடுத்தவர் கையில்தான் அது இருக்கிறது. நீ கேட்டது நடக்காது. நடக்காது என்பதாலேயே நீ எதையும் தூக்கி எறியவும் இல்லை.

கேட்டது பாவமா என்பது அடுத்த கேள்வி. யாத்திராகமம் 32-ஐ எடு. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து ஆடியிருக்கிறார்கள். மோசே மலையேறிப் போய், மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்கிறான். பாவம் செய்தவன் பேரைத்தான் கிறுக்குவேன் என்று பதில் வருகிறது. அதாவது, முடியாது என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் "இப்படியெல்லாம் கேட்கலாமா" என்று ஒரு சொல் கண்டிப்பு இருக்கிறதா, பார். கிடையாது. அடுத்த வசனமே, நீ போய் ஜனங்களை நான் சொன்ன இடத்துக்கு அழைத்துக்கொண்டு போ என்பதுதான். பண்டமாற்று மறுக்கப்பட்டது, வேலை கொடுக்கப்பட்டது. இந்தப் பகுதியைப் பிரசங்கம் செய்கிறவர்களில் பலர் 32-ஆம் வசனத்தோடு உருகி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 34-ஆம் வசனம்.

பவுலும் அப்படித்தான். எட்டாம் அதிகாரத்தின் கடைசியில், மரணமானாலும் ஜீவனானாலும் எதுவும் நம்மைத் தேவனுடைய அன்பைவிட்டுப் பிரிக்க முடியாது என்று எழுதுகிறான். மூச்சு விட்டதும், என் இனத்தாருக்காக நானே கிறிஸ்துவைவிட்டுச் சபிக்கப்பட்டவனாகலாமே என்கிறான். அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தில் வந்தவை. கடிதத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்த வரிகள். பிரிய முடியாது என்று தெரிந்தவன்தான் பிரியத் துணிகிறேன் என்கிறான். அது பேரமல்ல, அழுகை.

சரி, பிறகு அவன் என்ன செய்தான்? அதே நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த தர்மப் பணத்தை எடுத்துக்கொண்டு எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களிடம் போகிறேன் என்கிறான். போனான். தேவாலயத்தில் அவனைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். ரோமச் சேவகர்கள் தூக்கிக்கொண்டு வந்த படிகளிலேயே நின்று, சேனாபதியிடம் அனுமதி கேட்டு, அடித்த கூட்டத்தைப் பார்த்து "சகோதரரே, பிதாக்களே" என்று பேச ஆரம்பித்தான். ஆத்துமாவைக் கொடுக்க அவனால் முடியவில்லை. பணம், பயணம், முதுகு ஆகியவற்றைக் கொடுத்தான். உனக்கும் அவைதான் கைவசம் இருக்கின்றன.

சேவியர், தூத்துக்குடி

நான் கத்தோலிக்கன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தக் கேள்வி நிஜமாகவே கழுத்தை நெரித்த இடம் ஒன்று உண்டு. எங்கள் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த சவேரியார்தான் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். பிற்பாடு அங்கே கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. நாகசாகியில் ஆண்டுதோறும் வீடுவீடாக இயேசுவின் அல்லது மரியாளின் உருவத்தைத் தரையில் வைத்து மிதிக்கச் சொன்னார்கள். மிதிக்காவிட்டால் குடும்பத்துக்கே ஆபத்து.

1633-இல் அங்கே குருக்களைக் குழியில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். இயேசு சபைத் தலைவரான போர்ச்சுகீசியர் ஃபெரெய்ரா சில மணி நேரத்தில் மறுதலித்தார். கூடத் தொங்கிய நகாவுரா ஜூலியன் மறுதலிக்காமல் இறந்தார். 2008-இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. ஃபெரெய்ரா பிறரைக் காப்பாற்றத்தான் மறுதலித்தார் என்று இன்று சிலர் உருக்கமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. உடம்பு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு முக்கியம் பெயர் தெரியாத குடியானவர்கள். பிள்ளைகளுக்காக மிதித்தார்கள், வீட்டுக்கு வந்து, குருவே இல்லாத நிலையில், தங்கள் முன்னோர் கற்றுத்தந்த மனஸ்தாப ஜெபத்தை, அதாவது பாவத்துக்கு வருந்தும் ஜெபத்தை, சொல்லி அழுதார்கள். அடுத்த ஆண்டும் அதேதான். 1865-இல் நாகசாகியின் ஓவுரா கோவிலுக்குள் உராகமி கிராமத்தார் சிலர் நுழைந்து, பிரெஞ்சுக் குருவிடம், எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றே என்று சொல்லி, மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். மிதித்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள்.

ஆபிரகாம், நாகர்கோவில்

மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்று மத்தேயு 10:33 இருக்கிறதே, அதை என்ன செய்வது? அடுத்தவருக்காக என்று சொன்னால் எந்த மறுதலிப்பும் சரியாகிவிடுமா?

சேவியர், தூத்துக்குடி

சரி என்று நான் சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை, சரி என்று நினைத்திருந்தால் எதற்கு அழுதார்கள்? பேதுருவும் மும்முறை மறுதலித்தவர்தான். ஆடுகளை மேய்க்கச் சொன்னது அவரிடம்தான்.

ஓய்வுபெற்ற உபதேசியார், திருநெல்வேலி

இதில் நான் ஆபிரகாமின் பக்கம் பாதி நிற்கிறேன். ஒருவர் தானாகத் துணிவது வேறு. "எங்களுக்காக நீ உன் விசுவாசத்தை விடு" என்று குடும்பமோ அதிகாரியோ கேட்பது வேறு. இரண்டாவதற்கு அன்பு என்று பெயர் வைக்கக் கூடாது. அந்தக் குடியானவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்க எனக்கு வாய் வரவில்லை. மிதிக்கச் சொன்னவனை அப்படித் தீர்க்கத் தயக்கமே இல்லை.

ரூத், கோயம்புத்தூர்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறித் திருப்பூர் போகிறேன். அவன் அறையைச் சுத்தம் செய்து, இரண்டு நாள் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவதாக எண்ணம். ஒன்று மட்டும் கேட்கிறேன் ஐயா. நான் இப்படி ஜெபித்ததை அவனிடம் சொல்லலாமா? கேட்டால் மனம் இளகுமோ என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற உபதேசியார், திருநெல்வேலி

சொல்லாதே மகளே. உனக்காக நரகத்துக்கும் துணிந்தேன் என்று அக்காவே சொன்னால் அவன் என்ன செய்வான்? பயப்படுவான், இல்லையென்றால் எரிச்சலில் அன்று இரவே கூடுதலாகக் குடிப்பான். மலை ஏறுவதற்கு முன் மோசே ஜனங்களிடம், உங்களுக்காக ஒருவேளை பிராயச்சித்தம் செய்யலாம் என்று மட்டும்தான் சொன்னான். பேரைக் கிறுக்கச் சொன்னது மேலே போன பிறகு, கர்த்தரிடம்.