ஸ்டான்ஃபோர்டில் போஸ்ட்டாக்: விண்ணப்பப் படிவம் எங்கே?

நுண்ணுயிரி:
வணக்கம். காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பு பற்றிய ஆய்வேட்டைச் சென்ற மாதம் சமர்ப்பித்துவிட்டு வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, செய்ய ஆசை. முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கைப் பக்கம் இருக்கிறது. போஸ்ட்டாக்குக்குப் படிவமோ கடைசித் தேதியோ மூன்று நாட்கள் தேடியும் அகப்படவில்லை. இதற்கிடையே வேறு பல்கலைக்கழகங்களில் 43 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. எங்கே தவறுகிறேன்?

பாலோ ஆல்டோ வாசி:
அப்படி ஒரு படிவமே இல்லை, பிறகு எப்படி அகப்படும்? இங்கே ஸ்டான்ஃபோர்டில் போஸ்ட்டாக்கைத் தேர்ந்தெடுப்பவர் பேராசிரியர். அவர் அழைத்த பிறகுதான் துறை அலுவலகம் உங்களுக்கான தாள் வேலைகளைத் தொடங்கும். போஸ்ட்டாக்குகளுக்கென்று உள்ள அலுவலகத்தின் தளத்தில் காலியிடப் பட்டியல் உண்டு, அதையும் பாருங்கள். ஆனால் அதில் வராமலே நிரம்பும் இடங்கள் பல. நான் சேர்ந்ததும் அப்படித்தான்.

அது இருக்கட்டும், அந்த 43 மின்னஞ்சல்களின் முதல் வரி என்ன?

நுண்ணுயிரி:
'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று தொடங்கும். எல்லோருக்கும் ஒரே கடிதம். என் நெறியாளர் கொடுத்த மாதிரி அது.

மதுரை வேதியன்:
நோய் பிடிபட்டுவிட்டது அம்மா. பெயர்கூடப் போடாத கடிதத்தை யார் இரண்டாவது வரி வரை படிப்பார்கள்?

பத்துப் பேர் போதும். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படியுங்கள். 'உங்கள் முடிவில் இந்தக் கேள்வி மிச்சமிருக்கிறது, அதற்குத் தேவையான இந்தச் செய்முறை எனக்குக் கைவந்தது' என்று ஆறேழு வரிகள் எழுதினால் போதும்.

அதற்கும் முன்னால், அவர் கையில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இதைத்தான் நம் ஆட்கள் யாரும் செய்வதில்லை. என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பேராசிரியர் பெயரைத் தட்டினால், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் அவருக்குக் கொடுத்த நிதி எது, எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரியும். நான்கு மாதத்தில் தீரப்போகும் நிதியை நம்பி யாரும் ஆளெடுக்க மாட்டார்கள். புதிதாக நிதி கிடைத்தவர்களையும், ஆய்வகம் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர்களையும் முதலில் அணுகுங்கள். புகழ்பெற்ற பெயர்கள் பிறகு.

நுண்ணுயிரி:
சொந்தமாக ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) இருந்தால் எளிதா? என்.ஐ.எச். தரும் எஃப்32 என்று ஒன்றைப் பார்த்தேன்.

பாலோ ஆல்டோ வாசி:
அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். விட்டுவிடுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வைவா. பட்டத்துக்கான எல்லாவற்றையும் முடித்த சான்று இல்லாமல் சேர முடியாது. வைவா முடிந்த கையோடு தற்காலிகச் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

கடலூர்க்காரன்:
இடையில் ஒரு சந்தேகம். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போனால் இரண்டு ஆண்டுகள் ஊரில் இருந்துவிட்டுத்தான் மறுபடி எச்-1பி என்ற வேலை விசா வாங்க முடியும் என்கிறார்களே?

பாலோ ஆல்டோ வாசி:
எந்த நாட்டுக்கு எந்தத் திறன் தேவை என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் திறன் பட்டியலில் இந்தியா இருந்ததால் பலருக்கு அந்த நிபந்தனை ஒட்டியது. 2024 டிசம்பரில் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசு நிதியில் போகிறவர்களுக்கு இன்னும் உண்டு.

நுண்ணுயிரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆறு பேருக்குத்தான் எழுதினேன். ஒருவர் செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு, அவருக்குக் காலை ஒன்பது, காணொளியில் பேசலாம் என்கிறார். பரிந்துரைக்க மூவர் பெயரும் கேட்டிருக்கிறார். முதல் பெயர் என் நெறியாளர்தான். அவருடைய மாதிரிக் கடிதம் என்ன ஆயிற்று என்று மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.