நீலகிரியில் மூன்று பகல்: இயற்கையும் வரலாறும் சேர்ந்த இடங்கள் எவை?

தாழ்வாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பர் மாத நடுவில் என் பெற்றோரையும், கல்லூரியில் வரலாறு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு சொந்த வாகனத்தில் நீலகிரிக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். கையில் மூன்று பகல்கள் இருக்கின்றன. படகு இல்லம், தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா ஆகியவற்றை நாங்கள் முன்பே பார்த்துவிட்டதால் அவற்றுக்காக மீண்டும் வரிசையில் நிற்க விருப்பமில்லை. மலையின் இயற்கையையும் அங்கு வாழ்ந்தவர்களின் வரலாற்றையும் ஒருசேரக் காட்டக்கூடிய இடங்கள் எவை என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். தந்தையாருக்கு முழங்கால் வலி உண்டு. நிறையப் படிகள் உள்ள இடங்களாக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மலை ரயிலில் செலவாகும் நேரம் அதற்குத் தகுமா என்பதும் என் ஐயம்.

பழந்தடம்

உங்கள் மகள் வரலாறு படிப்பவர் என்பதால், உதகையிலிருந்து தொடங்காமல் கோத்தகிரியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் மலையேறியபோது முதலில் தங்கியது உதகையில் அல்ல, கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்குப் பகுதியில்தான். அங்கே அவர் கட்டிய பெத்தக்கல் பங்களா செப்பனிடப்பட்டு இன்று அவருடைய நினைவகமாக உள்ளது. பழைய படங்களும் ஆவணங்களும் உள்ள சிறிய இடம் அது, கூட்டமும் குறைவு. உதகைக்கு அவர் நகர்ந்தது அதற்குப் பிறகே. இம்மலையின் பழங்குடிகளான தோடர்களிடமிருந்து பெற்ற நிலத்தில் 1822-இல் அவர் எழுப்பிய கல் பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது என்பதால், வாயிலில் அனுமதி கேட்டுச் செல்ல வேண்டியிருக்கும்.

உதகையில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் புனித ஸ்டீபன் தேவாலயத்தைப் பாருங்கள். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1831-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த ஆலயத்தின் பெரிய உத்தரங்களும் மரவேலைப்பாடுகளும், சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானுக்கு உரியதாக இருந்த லால் மகாலைப் பிரித்து எடுத்து, இந்த மலைக்கு ஏற்றிக் கொண்டுவரப்பட்டவை. 1799-இல் வீழ்ந்த ஓர் அரசனின் மாளிகை மரங்கள், அவனை வென்றவர்களின் வழிபாட்டிடத்துக்கு நிழல் தருகின்றன என்பதை அங்கு நின்று நிமிர்ந்து பார்க்கும்போது, பாடநூலில் படித்த போர் வேறு விதமாகப் புரியும். பின்புறச் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சலிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆலயத்துக்குள் செல்வது உங்கள் தந்தையாருக்கு எளிது. கல்லறைத் தோட்டம் மட்டும் சரிவானது.

படகு இல்லம் வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்த ஏரி இயற்கையானது அன்று. சலிவன் காலத்தில் ஓடைகளை மறித்து உண்டாக்கப்பட்டது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் ஏரியாகவே இருந்தது என்பதை, அவ்வழியே போகும்போது மகளிடம் சொல்லுங்கள்.

மலை ரயில் நிச்சயமாகத் தகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பலர் உதகைக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் சென்றுவிட்டு மலை ரயிலைப் பார்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்தப் பாதையின் அருமை முழுவதும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றம் அது என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பல் கொண்ட இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்த இப்பாதை, 46 கிலோமீட்டரில் 208 வளைவுகளையும் 16 சுரங்கங்களையும் கடக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நேரமில்லை என்றால் குன்னூரில் இறங்கி, 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு அங்கிருந்து காரில் செல்லலாம்.

இயற்கைக்கு, கோத்தகிரிப் பக்கத்திலேயே கோடநாடு காட்சிமுனை இருக்கிறது. மாயாறு ஓடும் பள்ளத்தாக்கும், இருளர்கள் வழிபடும் ரங்கசாமி மலைமுடியும் அங்கிருந்து தெரியும். வாகனம் அருகிலேயே நிற்கும்.

சோலைநிழல்

பழந்தடம் அவர்கள் சொன்ன செய்திகளில் எனக்கு வேறுபாடில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் நவம்பர் மாதம் என்று எழுதியிருப்பதை அவர் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. நீலகிரிக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டுகிறது. குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் வருகிறது. நவம்பர் நடுவில் கோடநாட்டுக்குப் போனால் பள்ளத்தாக்குக்குப் பதிலாக வெண்மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். கல்லாறு, குன்னூர்ப் பாதையில் மண் சரிந்து மலை ரயில் நாள்கணக்கில் நிறுத்தப்படுவதும் அந்த மாதங்களில்தான் அடிக்கடி நிகழ்கிறது. எனவே முன்பதிவு செய்யுங்கள், ஆனால் மொத்தப் பயணத்தையும் அந்த ஒரு சீட்டின்மேல் கட்டிவிடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றில் இரண்டு பகல்களை மேற்குப் பக்கத்துக்குத் தருவேன். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஒன்பதாவது மைல் வரை போய், சாலையின் இருபுறமும் பாருங்கள். திறந்த சரிவுகளில் புல்லும், மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்ந்த மரக்கூட்டமும் தெரியும் இடமே இம்மலையின் உண்மையான தோற்றம். மடிப்புகளில் உள்ள அந்தக் காடுகளைத்தான் சோலை என்கிறோம். குளிர்காலத்து உறைபனி திறந்த வெளியில் மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால் அங்கே புல் மட்டுமே நிலைக்கிறது. புல்லும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையிலும் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகின்றன. இதை வெறும் தரிசு என்று எண்ணிய ஆங்கிலேயர்கள் விறகுக்காகவும் பட்டைக்காகவும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) நட்டார்கள். விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் பலர் 'பைன் காடு' என்று படம் எடுத்துக்கொள்ளும் இடங்கள், என் பார்வையில், புல்வெளியை இழந்த இடங்கள். இது வரலாறு இல்லையென்றால் வேறு எது வரலாறு?

அதே சாலையில் பைக்காரா அணை இருக்கிறது. முக்குருத்திப் பகுதியில் தோன்றும் ஆற்றை மறித்து, 1930-களில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய திட்டம் அது. அருவிக்குச் சற்றுத் தொலைவு இறங்கி நடக்க வேண்டும் என்பதால் தந்தையாரை ஏரிக்கரையில் அமர வைப்பது நல்லது. இன்னும் கீழே சென்றால் நடுவட்டம் வரும். மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரங்களை 19-ஆம் நூற்றாண்டில் பயிரிட்ட இடம் அது. அவ்வேலைக்காகச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறைக்கட்டடம் இன்றும் அங்கு நிற்கிறது. உங்கள் மகளுக்குத் தேவாலயத்தை விட இந்தச் சிறை அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. அதையும் தாண்டித் தவளைமலைக் காட்சிமுனையும் ஊசிமலையும் உள்ளன. மேகம் விலகியிருந்தால் கூடலூர்ச் சமவெளி முழுவதும் காலடியில் விரியும்.

முக்குருத்தி தேசியப் பூங்கா வரையாட்டுக்காகப் பாதுகாக்கப்படுவது; அங்கு நினைத்தபடி நுழைய முடியாது. அதற்கு ஈடாக அவலாஞ்சிக்குச் செல்லுங்கள். காட்டுக்குள் வனத்துறை வாகனத்தில் மட்டுமே அழைத்துச் செல்வார்கள் என்பதால் முழங்கால் வலிக்கும் அது ஏற்றது. பெருமழை நாள்களில் மூடிவிடுவார்கள். காலையில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வளைவுமுப்பத்தாறு

இடங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். இணையத்தில் பதிவு செய்துகொண்டால் சோதனைச் சாவடியில் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொண்டு வராதீர்கள். மாவட்டம் முழுவதும் அவற்றுக்குத் தடை இருக்கிறது. முதுமலை வரை போகும் எண்ணம் வந்தால், 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் இறங்க வெளியூர் வாகனங்களை விடமாட்டார்கள். கூடலூரைச் சுற்றித்தான் செல்ல வேண்டும்.

தாழ்வாரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மழைக்காலங்கள் என்ற செய்தி எனக்குப் புதிது; அது என் திட்டத்தையே மாற்றிவிட்டது. முதல் பகலை உதகை நகருக்கும், அடுத்த இரண்டை மேற்குப் பக்கத்துக்கும் ஒதுக்குகிறேன். ரயில் ஓடினால் குன்னூர் வரை, இல்லையென்றால் இன்னொரு கோடையில். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தோடர்களின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்றை நேரில் பார்க்க மகள் விரும்புகிறாள். முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பது முறையாகுமா?

மந்துவழி

முறையாகாது என்றே சொல்வேன். மந்து என்பது காட்சிப் பொருள் அன்று, மக்கள் குடியிருக்கும் ஊர். அவர்களுடைய கோயிலைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். அதன் கல் சுற்றுச்சுவரைத் தாண்டக்கூடாது. பெண்களுக்கு அங்கு அனுமதி இல்லை என்பதையும் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தாவரவியல் பூங்காவின் மேல் எல்லையை ஒட்டி ஒரு மந்து இருப்பதால் பலர் பூங்காவின் நீட்சி போல அதற்குள் நுழைந்து, கேட்காமலே படம் எடுத்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாமல், எதிர்ப்படும் பெரியவர் ஒருவரிடம் பேசி, அவர் அழைத்தால் செல்லுங்கள். பூத்தையல் செய்யும் பெண்களிடம் நேரடியாகவே சால்வை வாங்கலாம். வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் எண்ணி எண்ணித் தைக்கும் அந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் திருவிழா டிசம்பர் இறுதியை ஒட்டித்தான் வரும் என்பதால் உங்கள் பயணத்தில் அது அமையாது.

தோடர்களை மட்டும் பார்த்துவிட்டு நீலகிரியின் பழங்குடிகளைப் பார்த்துவிட்டதாக நினைப்பதும் பிழையே. கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரும் இம்மலைக்கு உரியவர்கள். இவர்கள் அனைவரின் வீடு, கருவி, இசைக்கருவி ஆகியவற்றை முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தில் காணலாம். அது அவலாஞ்சிக்குச் செல்லும் வழியிலேயே இருப்பதால் தனியாக ஒரு பகல் ஒதுக்க வேண்டியதில்லை. முதலில் அவலாஞ்சி போய்விட்டு, திரும்பும்போது மூடும் நேரத்துக்கு முன் அங்கு இறங்குங்கள்.