டேட்டா சென்டரை அணு உலையோடு நேரடியாக இணைக்க முடியுமா?

கேள்வி:
மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் முதல் உலைக்காக (835 மெகாவாட்) 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்த மின்சாரம் தனிக் கம்பியில் டேட்டா சென்டருக்கே போகுமா? உலை நின்றால் சர்வர்கள் என்ன ஆகும்?

பதில் 1:
தனிக் கம்பி கிடையாது. உலை பொது கிரிட்டுக்கு (மின் வலையமைப்புக்கு) மின்சாரம் தரும், டேட்டா சென்டர்கள் அதே கிரிட்டிலிருந்து எடுக்கும். ஒப்பந்தம் விலைக்கும் கணக்குக்கும்தான். இன்னொன்று, 1979-இல் விபத்துக்குள்ளானது 2-ஆம் உலை. ஒப்பந்தத்தில் உள்ள முதல் உலை 2019-இல் நஷ்டத்தால் மூடப்பட்டது.

பதில் 2:
நேரடி இணைப்பை முயன்றது அமேசான், அமெரிக்காவின் சஸ்குவேஹானா அணுமின் நிலையத்தில். அங்கே நேரடியாக எடுக்கும் அளவை 300 மெகாவாட்டிலிருந்து 480 ஆக்கும் ஒப்பந்தத் திருத்தத்தை அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2024 நவம்பரில் நிராகரித்தது.

நேரடியாக இணைத்தாலும் கிரிட்டை விட முடியாது. எரிபொருள் மாற்ற 18 முதல் 24 மாதத்துக்கு ஒருமுறை உலை சில வாரங்கள் நிற்கும். திடீரென டிரிப் ஆனால் (தானாக நின்றுவிட்டால்) உற்பத்தி உடனே பூஜ்யம். யூபிஎஸ் பேட்டரி தாங்குவது சில நிமிடம்தான், அதற்குள் டீசல் ஜெனரேட்டர் சுமையை ஏற்க வேண்டும். உலை நின்ற கணத்திலும் எரிபொருளில் முழுத் திறனில் வரும் வெப்பத்தில் சுமார் 6% வெளிவந்துகொண்டிருக்கும். அதைத் தணிக்கும் பம்புகளுக்கு வெளி மின்சாரம்தான் முதல் ஆதாரம். ஆக, கிரிட் உலைக்கே தேவை.

பதில் 3:
சுமையின் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். ஏஐ பயிற்சியில் ஆயிரக்கணக்கான ஜிபியூக்கள் (கணக்கிடும் சிப்கள்) ஒரே நேரத்தில் கணக்கிடும், ஒரே நேரத்தில் காத்திருக்கும். நொடிகளில் பல மெகாவாட் ஆடும். உலையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, சீராக ஓடுவதுதான் அதற்கு நல்லது. இடையில் பேட்டரியோ கெப்பாசிட்டரோ வைக்காத வடிவமைப்பை நான் ஏற்கமாட்டேன்.